முதல் நாளே பாகப்பிரிவினை: லினக்ஸ் நிறுவலும் தருக்கத் தொகுதிகளும்

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து காப்பது பற்றிப் பேச்சு வந்தது. எங்களில் நான்கைந்து பேர் பல ஆண்டுகளாகவே அதைச் செய்துவருகிறோம். புதிதாக இவ்வேலையில் இறங்கவிருக்கும் நண்பர் ஒருவர், தம் கணினியில் லினக்ஸ் நிறுவப்போவதாகச் சொன்னார். நிறுவும்போது வட்டை வெறும் பார்ட்டிஷன்களாகப் பிரித்துவிடாமல் எல்விஎம் முறையில், அதாவது தருக்கத் தொகுதிகளின் மேல், நிறுவிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். அருகிலிருந்த இன்னொரு நண்பர், நல்ல கவிஞர், சிரித்துக்கொண்டே இடைமறித்தார். "அஸ்திவாரம் போடுவது கொத்தனார் வேலை. குடியிருக்கப் போகிறவன் எதற்காகச் செங்கல் எண்ண வேண்டும்? நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தினால் அதுவே நிறுவிக்கொள்கிறது. நாம் எழுதுகிற வேலையைப் பார்ப்போம்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்துவிட்டது. அவர் சொன்னது ஒரு தனிமனிதரின் சோம்பல் அல்ல. நம் வட்டாரத்தில் வேரூன்றிவிட்ட ஒரு மனோபாவம் அது. தாள், அச்சு, கட்டமைப்பு பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிற நாம், நம் எழுத்து இன்று எதன்மேல் கிடக்கிறது என்பதைப் பற்றி மட்டும் பேச மறுக்கிறோம். ஆகவே கூட்டத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். காரசாரமாக இருந்தால் நண்பர்கள் மன்னிக்க.

*

முதலில் என் கதை. 2010 கோடையில், பக்கத்து ஊர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தாம் அறுபதுகளிலிருந்து சேர்த்து வைத்திருந்த சிற்றிதழ்களை ஸ்கேன் செய்துகொள்ள எனக்குக் கொடுத்தார். இரண்டு டிரங்குப் பெட்டிகள். மூன்று மாதம் மாலைதோறும் உட்கார்ந்து ஆயிரத்து நானூறு பக்கங்களுக்கு மேல் ஸ்கேன் செய்தேன். இதழ்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மார்கழியில் அவர் காலமானார். வீடு கைமாறியது. பெட்டிகள் என்னவாயின என்று கேட்டபோது, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம் என்றார்கள். சரி, நம்மிடம் படமாகவாவது இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

என் கணினியில் 320 ஜிபி வட்டு. 2008இல் ஒரு நண்பர் நல்லெண்ணத்துடன் லினக்ஸ் நிறுவிக் கொடுத்திருந்தார். கணினியின் இயங்குதளம் முழுவதும் குடியிருக்கும் ரூட் பகுதிக்கு 12 ஜிபி, அதையடுத்து என் கோப்புகளுக்கான ஹோம் பகுதிக்கு மீதி அனைத்தும். 2008இல் 12 ஜிபி தாராளம்தான். மூன்றாண்டுகளில் புதுப்பித்தல்களும் பதிவேடுகளும் அதை நிரப்பிவிட்டன. அடுத்த பதிப்புக்கு மாறலாம் என்றால் இடம் போதவில்லை. பக்கத்திலேயே ஹோமில் நூற்றைம்பது ஜிபி காலியாகக் கிடந்தது. ஆனால் அதில் ஒரு துளியைக்கூட ரூட்டுக்குக் கொடுக்க முடியாது. நடுவில் எல்லைக்கல்.

எல்லைக்கல்லைப் பெயர்த்து நடலாம், அதற்கும் மென்பொருள் இருக்கிறது என்றார்கள். உண்மைதான். ஆனால் ஹோம் பகுதியின் தொடக்கப் புள்ளியை 20 ஜிபி தள்ளி வைப்பதென்றால், அதிலுள்ள தரவு முழுவதையும் ஒவ்வொரு துண்டாக எடுத்து வேறிடத்தில் எழுதியாக வேண்டும். ஆறு மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது. 2011இன் மின்வெட்டை நினைவுள்ளவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. அறிவிக்கப்பட்ட இரண்டு மணி நேரம் போக, அறிவிக்காத ஒன்றும் வந்தது. யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கியது. மின்சாரம் திரும்பியபோது ஹோம் பகுதி பழைய இடத்திலும் இல்லை, புதிய இடத்திலும் இல்லை. அடுத்த இரண்டு வாரம் மீட்புக் கருவிகளோடு போராடி, பாதிப் பக்கம் சாம்பல் நிறத்தில் முடிகிற சில நூறு படங்களை மட்டும் மீட்டேன்.

இரண்டாம் பிரதி எடுத்து வைக்காதது என் குற்றம். அதை யார் தலையிலும் ஏற்றப் போவதில்லை. ஆனால் அந்த இரவு நான் அந்த ஆபத்தான வேலையில் இறங்க வேண்டி வந்ததே, அது ஏன்? 2008இல் ஒரு பிற்பகலில், என்ன தேவைப்படும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாத நேரத்தில் குறிக்கப்பட்ட ஓர் எண்ணுக்காக. அந்த எண்ணை அன்று யாரும் என்னிடம் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. "நெக்ஸ்ட்" என்று அழுத்திவிட்டோம்.

*

பார்ட்டிஷன் என்ற சொல்லுக்குத் தமிழில் பிரிவு என்றும் பகிர்வு என்றும் சொல்லிப் பார்க்கிறோம். எனக்கு இதற்கெல்லாம் முன்பே நம்மிடம் இருக்கும் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது: பாகப்பிரிவினை. இருக்கும் நிலத்தை அளந்து, இங்கிருந்து இதுவரை உனக்கு, இதற்குமேல் அவனுக்கு என்று கல் நடுவது. வட்டின் முதல் செக்டாரில் 64 பைட் அளவே உள்ள ஒரு சிறு அட்டவணை. அதில் 16 பைட் வீதம் நான்கே நான்கு வரிகள். ஒவ்வொரு வரியும் சொல்வது இவ்வளவுதான்: எங்கே தொடங்குகிறது, எத்தனை நீளம், என்ன வகை. ஐபிஎம் கணினிகளில் வன்தட்டுக்கு ஆதரவு தந்த பிசி டாஸ் 2.0 வெளிவந்த 1983 முதல் இருக்கும் ஏற்பாடு இது. பிற்காலத்தில் வந்த ஜிபிடி என்னும் புதிய அட்டவணை வழக்கமாக 128 வரிகளுக்கு இடம் தருகிறது. இரண்டு டெராபைட் என்ற பழைய வரம்பையும் அது தாண்டிவிட்டது. ஆனால் தத்துவம் மாறவில்லை. ஒரு பிரிவு என்பது தொடர்ச்சியான ஒரே துண்டு நிலம். நடுவில் இருப்பவனுக்கு இடம் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டையே பெயர்க்க வேண்டும்.

நடைமுறைச் சிக்கலைக் காட்டிலும் இதன் காலக்கணக்குதான் என்னைக் கோபப்படுத்துகிறது. பாகப்பிரிவினை பொதுவாகக் குடும்பத்தில் எல்லாம் வெட்டவெளிச்சமான பிறகு நடக்கும். யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் ஊரில் தங்குகிறார்கள் என்று தெரிந்த பிறகு. கணினியிலோ அது பிறந்த நாளன்றே நடக்கிறது. இனி என்னென்ன மென்பொருள் வரும், எத்தனை படங்கள் சேரும், எந்தப் பதிவேடு வீங்கும் என்று எதுவும் தெரியாத அந்த ஒரு கணத்தில், நம் அறியாமை உச்சத்தில் இருக்கும்போது, மாற்றுவதற்கு மிகக் கடினமான முடிவை எடுக்கச் சொல்கிறார்கள். அறியாதவனிடம் ஆரூடம் கேட்கிற ஏற்பாடு இது.

*

பெரிய கணினிகளை வைத்திருந்தவர்கள் இந்த அபத்தத்தை நெடுங்காலம் முன்பே உணர்ந்துவிட்டார்கள். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், எச்பியின் எச்பி-யூஎக்ஸ் ஆகிய யூனிக்ஸ் தளங்களில் தொண்ணூறுகளிலேயே தொகுதி மேலாண்மை வழக்கத்தில் இருந்தது. லினக்ஸுக்காக அதை 1998இல் எழுதியவர் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன். எச்பி-யூஎக்ஸின் முறையையே அவர் முன்மாதிரியாகக் கொண்டார். 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4 கர்னலில் அது இடம்பெற்றது.

அதன் தத்துவத்தை இலக்கிய வாசகருக்குச் சொல்வது எளிது. வட்டையோ அதன் ஒரு பிரிவையோ முதலில் பௌதிகத் தொகுதி என்று அறிவிக்கிறோம். அப்படி அறிவிக்கப்பட்டவற்றை, ஒன்றோ பலவோ, சேர்த்து ஒரே தொகுதிக் குழுவாக்குகிறோம். இதுதான் பொதுச் சொத்து. அந்தப் பொதுச் சொத்திலிருந்து ரூட்டுக்கு இவ்வளவு, ஹோமுக்கு இவ்வளவு என்று எடுத்துக் கொடுப்பவை தருக்கத் தொகுதிகள். இவை நிலத்தில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழுவின் இடமெல்லாம், வழக்கமாக 4 எம்பி அளவுள்ள சிறு துண்டுகளாக எண்ணி வைக்கப்படுகிறது. 500 ஜிபி வட்டில் அப்படி ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம் துண்டுகள். ஹோமுக்கு இன்று எட்டாயிரம் துண்டுகள் கொடுத்திருந்தால், நாளை எங்கோ மூலையில் இருக்கும் இன்னொரு ஐயாயிரம் துண்டுகளை அதன் பேரேட்டில் சேர்த்து எழுதினால் போதும். எந்த வீட்டையும் பெயர்க்க வேண்டியதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு பைட் கூட நகர்வதில்லை. பேரேட்டில் ஒரு வரி மாறுகிறது, அவ்வளவே.

2011இல் என் வட்டு இப்படி அமைந்திருந்து, குழுவில் கொஞ்சம் இடம் ஒதுக்காமல் விடப்பட்டிருந்தால், எல்விஎக்ஸ்டெண்ட் என்ற ஒரே கட்டளையில், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு நிமிடத்துக்குள் ரூட்டை விரித்திருக்கலாம். ஆறு மணி நேரமும் இல்லை, யூபிஎஸ்ஸும் இல்லை, அந்த இரவும் இல்லை.

இதன் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 2002இல் இந்த வேலையைச் செய்ய இரண்டு ஏற்பாடுகள் கர்னலுக்குள் நுழையப் போட்டியிட்டன. ஒன்று, டிவைஸ் மேப்பர் என்னும் சின்னஞ்சிறு அடிப்படைப் பொறியையும் அதன்மேல் இயங்கும் எல்விஎம்மின் இரண்டாம் பதிப்பையும் கொண்டது. மற்றது ஐபிஎம் குழு ஒன்று உருவாக்கிய, இன்னும் விரிவான இவிஎம்எஸ். கர்னலில் டிவைஸ் மேப்பர் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், தங்கள் கர்னல் பகுதியைக் கைவிட்டு, ஏற்கப்பட்ட பொறியின் மேலேயே தங்கள் கருவிகளை மாற்றி அமைப்பதாக இவிஎம்எஸ் குழு அறிவித்தது. நெடுநாள் உழைப்பு அது. நம் சிற்றிதழ் உலகில் இப்படி ஒரு தோல்வியை ஒருவர் ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடர்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னல் முதல் இன்றுவரை லினக்ஸில் தருக்கத் தொகுதிகள் நிற்பது அந்தச் சிறு பொறியின் மேல்தான்.

*

இனி கவிஞர் நண்பரின் தரப்புக்கு வருகிறேன். அதை அவர் சொன்னதைவிட வலுவாகவே எடுத்து வைக்கிறேன். "ஒரே பெரிய பார்ட்டிஷன் போட்டுவிட்டால் என்ன? ரூட்டும் ஹோமும் ஒன்றாகவே இருக்கட்டும். அப்போது உன் எல்லைக்கல்லும் இல்லை, எல்விஎம்மும் வேண்டாம்."

நியாயமான வாதம். படிக்கவும் மடல் எழுதவும் மட்டும் மடிக்கணினி வைத்திருப்பவருக்கு நானும் அதையே சொல்வேன். பல நிறுவல் நிரல்கள் இன்று அப்படித்தான் செய்கின்றன. ஆனால் ஆவணங்களைக் காப்பவரின் கதை வேறு. கட்டுமீறி வளர்ந்த ஒரு பதிவேடு வட்டு முழுவதையும் நிரப்பினால், இயங்குதளமும் உங்கள் ஸ்கேனரும் ஒன்றாக மூச்சுத் திணறி நிற்கும். இயங்குதளத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டுமென்றால் கோப்புகளை முதலில் வெளியே குடிபெயர்க்க வேண்டும். முக்கியமாக, வட்டு ஒருநாள் நிரம்பும். ஸ்கேன் செய்பவர்களுக்கு அந்த நாள் சீக்கிரமே வரும். இரண்டாவது வட்டு வாங்கி மாட்டுவீர்கள். அது தனித்தீவாக நிற்கும். எந்த இதழ் எந்த வட்டில் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கத் தொடங்குவீர்கள். தொகுதிக் குழுவில் இரண்டாவது வட்டைச் சேர்ப்பதற்கு இரண்டு கட்டளைகள் போதும். பழைய வட்டு சாகும் தறுவாயில் இருக்கிறதென்றால், அதிலுள்ள துண்டுகளையெல்லாம் கணினியை நிறுத்தாமலே புதியதற்கு மாற்றிவிட்டுப் பழையதைக் கழற்றலாம். பிவிமூவ் என்று பெயர். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் இழந்த இரவை நினைத்தால் இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது கை தயங்குகிறது.

ஆகவே, "அஸ்திவாரம் கொத்தனார் வேலை" என்பது தவறு. கொத்தனாருக்கு எத்தனை மாடி வரப்போகிறது என்று தெரியாது. குடியிருப்பவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லையென்றால் கொத்தனார் ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போவார். அந்த எண்ணில் வாழப்போவது அவர் அல்ல.

*

இதுவரை படித்த தொழில்நுட்ப நண்பர்கள் புன்னகைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. கவிஞரோடு உள்ளதைவிடப் பெரிய வழக்கு.

எல்விஎம் இன்று அரிய பொருள் அல்ல. ஃபெடோரா 2004இன் மூன்றாம் பதிப்பிலிருந்தே அதை முதல் தேர்வாக வைத்திருந்தது. டெபியனின் நிறுவல் நிரல் 2007இல் வந்த 4.0 பதிப்பிலேயே வழிகாட்டலுடன் அதை அமைத்துக் கொடுத்தது. உபுண்டுவின் மேசைக் கணினிப் பதிப்பு 2012இல் அதற்கு ஒரு பெட்டி வைத்தது. டிக் செய்தால் போதும். வெற்றிதானே என்பீர்கள். இல்லை. டிக் பெட்டியாக மாறியபோது அதன் உயிர் போய்விட்டது.

காரணம் சொல்கிறேன். தருக்கத் தொகுதியின் முழுப் பொருளும் ஒதுக்காமல் வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. பொதுச் சொத்தில் மிச்சம் இருந்தால்தான் நாளை யாருக்கு வேண்டுமோ அவருக்குக் கொடுக்கலாம். ஆனால் வழிகாட்டி நிறுவல்கள் பலவும் செய்வது என்ன? குழுவை உண்டாக்கிய அதே மூச்சில் கடைசித் துண்டுவரை பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. கூட்டுக் குடும்பம் என்று பத்திரம் எழுதி, அன்று மாலையே பாகம் பிரிப்பது போல. டெபியனாவது குழுவில் எவ்வளவைப் பயன்படுத்தலாம் என்று கேட்கிறது. ஆனால் முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும் விடை "முழுவதும்". யார் மாற்றப் போகிறார்கள்?

இதன் உச்சம் 2014இல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7, அதன் வழிவந்த சென்ட்ஓஎஸ் 7 ஆகியவற்றின் தானியங்கி அமைப்பு. பெரிய வட்டென்றால் ரூட்டுக்கு 50 ஜிபி, ஸ்வாப்புக்குக் கொஞ்சம், மீதி அத்தனையும் ஹோமுக்கு. எல்லாம் தருக்கத் தொகுதிகளின் மேல்தான். ஆனால் தொகுதிகளின் மேல் போடப்பட்ட கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ். அது வளரும், நடைமுறையில் சுருங்காது. சேவையகங்களில் ரூட்தான் நிரம்பும், ஹோம் வெறிச்சோடிக் கிடக்கும். ஹோமைச் சுருக்கி ரூட்டுக்குக் கொடுக்கலாம் என்று போனால், கீழே இருக்கும் எல்விஎம் தயார், மேலே இருக்கும் எக்ஸ்எஃப்எஸ் மறுக்கிறது. ஹோமிலுள்ளதை வெளியே நகலெடுத்து, அதை அழித்து, சிறியதாக மீண்டும் உண்டாக்கி, நகலைத் திரும்ப வைப்பதுதான் வழி. சென்ட்ஓஎஸ் 7 2024 ஜூனில் ஆயுள் முடிந்து போய்விட்டது. அந்தப் பத்தாண்டுகளில் எத்தனை நிர்வாகிகள் நள்ளிரவில் இந்தச் சடங்கைச் செய்திருப்பார்கள்! எக்ஸ்எஃப்எஸ் மோசமானது என்று நான் சொல்லவில்லை. மனம் மாறும் உரிமையைக் கீழே கொடுத்துவிட்டு மேலே பிடுங்கிக்கொள்ளும் அமைப்பை முதல் விடையாக வைத்ததைச் சொல்கிறேன்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. உபுண்டுவின் சேவையகப் பதிப்பு, எல்விஎம் முறையில் நிறுவும்போது, 20 முதல் 200 ஜிபி வரையுள்ள வட்டில் ரூட்டுக்குப் பாதியை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை ஒதுக்காமல் வைக்கிறது. அதைவிடப் பெரியதென்றால் 100 ஜிபி மட்டும். என் அறிவுக்கு எட்டியவரை இதுவே மிகச் சரியான முன்முடிவு. ஆனால் இதைப் பார்த்த பயனர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "என் வட்டில் பாதியைக் காணவில்லை" என்று புகார் சொல்கிறார்கள். உடனே ஒருவர் வந்து, மீதி முழுவதையும் ரூட்டுக்கே சேர்க்கும் கட்டளையை எழுதிக் கொடுக்கிறார். நன்றி, சரியாகிவிட்டது என்கிறார் புகார் சொன்னவர். சரியாகவில்லை ஐயா, உங்கள் கையிருப்பை ஒரே வரியில் செலவழித்துவிட்டீர்கள்! இதில் பயனரை நான் குறை சொல்ல மாட்டேன். திரையில் எண்கள் இருக்கின்றன. "இது உங்கள் பிற்காலத்துக்காக எடுத்து வைத்தது" என்று ஒரு வாக்கியம் இல்லை. சரியான முடிவைக்கூடச் சொல்லாமல் எடுத்தால் அது பிழை போலத்தான் தெரியும்.

எளிமை என்ற பெயரில் தகவலை மறைப்பதை இந்தத் துறையில் பெரிய அறமாகப் பேசுகிறார்கள். பயனருக்குப் புரியாது என்பது வாதம். 'இடம் போதாமல் போனால் பிறகு சேர்க்கலாம், ஆகவே இப்போது குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்' என்பது புரியாதா? மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய எங்கள் அம்மாவுக்கு இது கணினி வருவதற்கு முன்பே தெரியும்.

*

என் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்விஎம்மைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடுபவை மூன்று.

ஒன்று, அது காப்பு அல்ல. இரண்டு வட்டுகளைச் சேர்த்து ஒரே தொகுதியை நீட்டினால், வேறெதுவும் சொல்லாதவரை, அது முதல் வட்டு முடிந்த இடத்தில் அடுத்ததைத் தொடரும், அவ்வளவே. இரண்டில் எது செத்தாலும் தொகுதி ஊனமாகும். அதாவது ஆபத்து குறையவில்லை, கூடியிருக்கிறது. ஸ்னாப்ஷாட் என்னும் கணநேரப் பிரதியும் காப்பு அல்ல. அது அதே வட்டில், அதே குழுவில் இருக்கிறது. வழக்கமான ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் அது செல்லாததாகியும் விடும். இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் முன் ரூட்டை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு, பிசகினால் பழைய நிலைக்குத் திரும்புவது அருமையான வசதி. 2010இல் வந்த 2.6.33 கர்னலிலிருந்து அது சாத்தியம். ஆனால் அதற்கும் குழுவில் காலியிடம் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தவருக்கு இந்த வசதியும் இல்லை.

இரண்டு, கணினி தொடங்கும் பாதையில் ஒரு படி கூடுகிறது. ரூட் ஒரு தருக்கத் தொகுதியில் இருந்தால், அதைத் திறக்கும் கருவிகள் ரூட் திறக்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். அதனால் கர்னலுடன் சேர்ந்து ஏறும் ஒரு சிறு தற்காலிகக் கோப்பு முறைமை முதலில் எழுந்து குழுவை விழிக்கச் செய்கிறது. முதல் தலைமுறை க்ரப் தருக்கத் தொகுதியைப் படிக்கத் தெரியாதது. ஆகவே பூட் என்னும் சிறு பகுதியைத் தனிப் பார்ட்டிஷனாக வெளியே வைத்தார்கள். க்ரப் 2 படிக்கும், என்றாலும் வெளியே வைக்கும் வழக்கம் நீடிக்கிறது. யூஇஎஃப்ஐ கணினிகளில் ஃபாட் முறையிலுள்ள ஒரு சிறு பிரிவு வெளியே இருந்தே ஆக வேண்டும்.

மூன்று, துண்டுகளின் பேரேடு போனால் எல்லாம் போகும். அதன் மூலப்படி ஒவ்வொரு பௌதிகத் தொகுதியின் தொடக்கத்திலும் இருக்கிறது. நகல்கள் ரூட்டுக்குள் இருக்கும் இடிசி கோப்புறையில், எல்விஎம் என்ற உட்கோப்புறையில் இருக்கின்றன. ஆனால் ரூட்டே அந்தக் குழுவுக்குள் இருக்கிறதே! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் கதை. அந்தக் கோப்பு சாதாரண எழுத்தில் இருக்கும், யாரும் வாசிக்கலாம். ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். முடிந்தால் அச்சிட்டும் வையுங்கள். தாளை நம்புகிறவர்கள் நாம்.

இன்னொரு மறுப்பும் வரும்: இதெல்லாம் பழங்கதை, 2020இல் ஃபெடோரா 33 மேசைக் கணினிகளுக்கு எல்விஎம்மைக் கைவிட்டு பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு மாறிவிட்டதே என்று. மாறியது உண்மை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றையும் பாருங்கள்: ரூட்டுக்கும் ஹோமுக்கும் நடுவே சுவர் இருப்பதால் ஒன்று நிரம்பி மற்றது காலியாகக் கிடக்கிறது என்பது. புதிய முறையில் இரண்டும் ஒரே இடத்தைப் பொதுவாக உண்கின்றன. இது என் வாதத்துக்கு மறுப்பு அல்ல, சாட்சி. முதல் நாள் முடிவு கடைசி நாள்வரை ஆளக்கூடாது என்பதே நான் சொல்வது. எந்தக் கருவியால் அதைச் சாதிக்கிறீர்கள் என்பது இரண்டாம் பட்சம்.

*

கூட்டத்தில் கேட்ட நண்பருக்காக, நடைமுறையில் என்ன செய்யலாம் என்று சொல்லி முடிக்கிறேன். உங்களிடம் 1 டெராபைட் வட்டு இருப்பதாகக் கொள்வோம். தொடக்கத்துக்கான யூஇஎஃப்ஐ பிரிவு, பூட் ஆகிய இரண்டுக்கும் தலா 1 ஜிபி வெளியே விடுங்கள். மீதி முழுவதையும் ஒரே பௌதிகத் தொகுதியாக்கி ஒரு குழுவில் சேருங்கள். குழுவுக்குப் பொருளுள்ள பெயர் வையுங்கள். ரூட்டுக்கு 40 ஜிபி. ஸ்வாப்புக்கு உங்கள் நினைவகத்தை ஒட்டி. ஹோமுக்கு 100. ஸ்கேன் படங்களுக்கென்று தனியாக ஒரு தருக்கத் தொகுதி, 300. கோப்பு முறைமைக்கு எக்ஸ்ட்4 எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓடும்போதே வளரும், நிறுத்தி வைத்தால் சுருங்கவும் செய்யும். சுருக்கும்போது மட்டும் முதலில் கோப்பு முறைமையைச் சுருக்கி, அதன்பின் தொகுதியைச் சுருக்க வேண்டும். வரிசை மாறினால் வெட்டுப்படுவது உங்கள் கோப்புகள். எல்விரெட்யூஸ் கட்டளைக்கு உரிய விருப்பத்தைக் கொடுத்தால் அதுவே முறைப்படி செய்யும். மிச்சமுள்ள ஐந்நூறு சொச்சம் ஜிபியை அப்படியே விட்டுவிடுங்கள். நிறுவல் நிரல் அதைக் காலி என்று காட்டி உறுத்தும். விட்டுவிடுங்கள். அது வீணல்ல, உங்களுக்கு இன்னும் தெரியாத தேவைகளின் இடம். இன்னொரு வட்டு வாங்கி, எல்லாவற்றுக்கும் இரண்டாம் பிரதி எடுத்து, அதை இந்தக் குழுவில் சேர்க்காமல் வேறு வீட்டில் வையுங்கள்.

இவ்வளவுக்கும் நிறுவும் நாளில் கூடுதலாகச் செலவாவது அரைமணி நேரம். ஒரு கவிதைத் தொகுதிக்கு முன்னுரை கேட்டு நடக்கும் நேரத்தைவிடக் குறைவு.

கவிஞர் நண்பருக்கு ஒரு சொல். குடியிருப்பவன் செங்கல் எண்ண வேண்டாம், சரி. ஆனால் அந்த ஆசிரியர் தம் டிரங்குப் பெட்டிகளை நாற்பதாண்டுகள் எப்படிக் காத்தார் என்று நான் பார்த்திருக்கிறேன். வேப்பிலை மாற்றுவார், மழைக்காலத்தில் பெட்டியைப் பலகைமேல் ஏற்றுவார், ஆண்டுக்கொரு முறை வெயிலில் காயவைப்பார். அதைக் கொத்தனார் வேலை என்று அவர் நினைக்கவில்லை. அவர் நாற்பதாண்டுகள் காத்ததை நான் ஓராண்டில் தொலைத்தேன். இனி ஒருவர் தம் பெட்டியை நம்பி உங்களிடம் கொடுத்தால், "நெக்ஸ்ட்" அழுத்தும் முன் ஒரு முறை அந்தத் திரையைப் படியுங்கள்.